செகண்ட் ஹேண்ட் கார், ஐந்து வருடம், 71,000 கிலோமீட்டர்: என் பராமரிப்பு அனுபவம்

என் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. அதில் முதல் வரி: ‘83,140 – இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர்.’ போன வாரம் எழுதிய வரி: ‘1,54,300 – முன் பிரேக் பேட்.’ வாங்கும்போது வண்டிக்கு ஏழு வயது. பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. இந்த ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. அதற்குப் பெரிய காரணம் இந்த நோட்டுதான் என்று நம்புகிறேன். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும், இப்போதுதான் வாங்கியவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதுக் காருக்கும் பழைய காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தேய்மானம் என்று முதலில் நினைத்திருந்தேன். ஓட்ட ஓட்டத்தான் வேறொன்று புரிந்தது. எது எப்போது மாற்றப்பட்டது என்பதே நமக்குத் தெரியாது. விற்றவர் என்னிடம் “இப்பத்தான் சர்வீஸ் பண்ணினேன்” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை சர்வீஸ் என்றால் ஆயில் மாற்றி, வண்டியைக் கழுவி வாங்கி வருவது. பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில் எல்லாம் அவர் நினைப்பிலேயே இல்லை. அதனால் ஒரு முடிவு எடுத்தேன். பில் இல்லாத எதையும் மாற்றாததாகவே வைத்துக்கொள்வது, எல்லாவற்றுக்கும் நானே ஒரு தொடக்கத் தேதி போடுவது.

முதல் மாதம் செலவு அதிகம்தான். அதைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கினால் மனசு வலிக்காது. இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஏ.சி. கேபின் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். ஆயில் கிரேடு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காமல் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தேன். அதில் 5டபிள்யூ-30 என்று இருந்தது, அதையே ஊற்றினேன். ‘பழைய வண்டிக்குக் கெட்டியான ஆயில் போடுங்க’ என்று சொல்பவர்கள் நிறைய. நான் போடவில்லை. இன்றுவரை குறை ஒன்றும் தெரியவில்லை.

இன்ஜினின் உள்பக்க அழுக்கைக் கரைத்து வெளியேற்றும் இன்ஜின் ஃபிளஷ் போடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டபோது, “வேண்டாம், அடுத்த ஆயிலைச் சீக்கிரம் மாத்துங்க, போதும்” என்றார். அவர் சொன்னபடி முதல் ஆயிலை 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றினேன். அதன்பிறகு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பேன். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பார்க்க வேண்டியது அளவு குறைகிறதா என்பதை. இன்ஜின் ஆயில் குடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் இப்படி எழுதி வைத்தது போதுமானதாக இருந்தது.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தொடுவதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதே தரத்துக்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்த வெப்பத்தில் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் பெடல்தான் கீழே போகும். என் வண்டியிலிருந்து வடிந்தது பழுப்பு நிறத்தில், அடியில் மண்டியோடு இருந்தது. பாட்டிலில் இருந்த புது ஆயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட நிறமே இல்லை. அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறேன்.

அடுத்தது டைமிங் பெல்ட், பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் ஓடவைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். நான் தவறு செய்த இடம் இது. என் காரின் கையேட்டில் 1,00,000 கிலோமீட்டர் அல்லது 8 வருடம் என்று இருந்தது. வண்டி 83,000-தான் ஓடியிருந்தது என்றாலும், வயது ஏழு. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் மோதும், அதன்பிறகு இன்ஜினைப் பிரிக்காமல் வேறு வழியில்லை. அதனால் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் உடனே மாற்றிவிட்டேன். கழற்றிய பெல்ட்டை வளைத்துப் பார்த்தபோது பற்களுக்கு நடுவே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. சரியான முடிவுதான். ஆனால் அதே நேரம் மெக்கானிக், “வாட்டர் பம்ப்பும் இந்த பெல்ட்லதான் ஓடுது, கையோட மாத்திடலாம்” என்றார். பம்ப்பில் லீக் எதுவும் இல்லையே என்று நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டரை வருடம் கழித்து, 1,18,000 கிலோமீட்டர் சுமாருக்கு, கூலன்ட் டப்பாவில் அளவு மெல்ல இறங்க ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒரு விரல்கடை இருக்கும், அவ்வளவுதான். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. நோட்டில் எழுதி வந்ததால்தான் குறைகிறது என்றே எனக்குத் தெரிந்தது. டார்ச் அடித்துத் தேடியபோது, பெல்ட் கவரின் அடியோரம் இளஞ்சிவப்பாகப் பொருக்கு தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பம்ப்பின் சீல் வழியாகக் கசிந்த கூலன்ட் இன்ஜின் சூட்டில் காய்ந்து, நிறம் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கூலன்ட் நனைத்த பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது என்பதால் பம்ப்போடு புது பெல்ட்டும் போட வேண்டியதாயிற்று. கூலி முழுவதும் இரண்டாம் முறை. டைமிங் பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் உள்ள வண்டியென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கூலன்ட் ரொம்பக் குறைந்துபோனால் சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றில் நிற்கும், முள் உண்மையைக் காட்டாமலும் போகலாம். டப்பாவைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு, அதுவும் இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த அடுத்த நொடி அது கொதித்து மேலே பீறிடும். இன்னொன்று, கூலன்டின் நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்துவிட்டுக் கையேட்டில் சொன்ன வகையை ஊற்றுவது நல்லது.

டயர் விஷயம் சுலபம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. நான்கு டயரும் பரவாயில்லை, ஆனால் ஸ்டெப்னி காரின் அதே வயது, கம்பி ஓரத்தில் ரப்பர் வெடித்திருந்தது. ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். காற்று அளவை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அடியுங்கள். டயரிலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கும் அதிகபட்ச அளவு, நாம் அடிக்க வேண்டிய அளவு அது இல்லை.

சத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெக்கானிக்கிடம் போய் “லிங்க் ராடு போயிடுச்சு” (சஸ்பென்ஷனில் உள்ள ஒரு சின்னக் கம்பி) என்று நாமே முடிவு சொன்னால் அவர் லிங்க் ராடைத்தான் மாற்றுவார். எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் வருகிறது என்று மட்டும் சொன்னால் போதும். மூன்றாம் வருடம் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வந்தது. டயர் சத்தம் என்றுதான் நினைத்தேன். ஒரு நீண்ட வலது வளைவில் அது கூடியது, இடது வளைவில் அடங்கியது. வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரங்களின் மேல் விழும். இதை அப்படியே சொன்னதும், அவர் காரைத் தூக்கி முன் இடது சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து பேரிங் என்று உறுதி செய்தார். அரை நாளில் வேலை முடிந்தது.

இன்ஜினை விடப் பழைய காருக்குப் பெரிய எதிரி தண்ணீர் என்று சில நேரம் தோன்றுகிறது. இரண்டாம் வருடம் முன் சீட்டில் காலடிக் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். வழவழப்போ இனிப்பு வாடையோ இருந்திருந்தால் காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலிருந்து கசியும் கூலன்ட் என்று அர்த்தம். இது வெறும் தண்ணீர். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தது. சுத்தம் செய்ய பத்து நிமிடம் ஆனது, கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலிருந்த பஞ்சைக் காய வைக்க மூன்று நாள் ஆனது. அப்படியே விட்டிருந்தால் தரைத் தகடு உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். வைப்பருக்குக் கீழே சேரும் சருகுகளையும், கதவுகளின் அடியோரமுள்ள வடிகால் துளைகளையும் மாதம் ஒருமுறை ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறேன். செலவே இல்லாத வேலை, ஆனால் பாடியின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

செக் இன்ஜின் லைட் ஒரே ஒருமுறை எரிந்தது. காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் செருகியபோது பி0128 என்று வந்தது. இன்ஜின் எதிர்பார்த்த நேரத்துக்குள் சூடாகவில்லை என்று பொருள். காரணம், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மூடாமல் சிக்கிக்கொண்டது, மாற்றியதும் சரியானது. வாங்குவதற்கு முன்பே அந்த ஸ்கேனர் கையில் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். விற்பதற்கு முன் பிழைக் குறியீடுகளை அழித்திருந்தால், காரின் கணினி செய்யும் சுய சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அது காட்டும். அப்படிக் காட்டினால் சில நாள் ஓடிய பிறகு மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஓட்டும் விதத்தில் நான் மாற்றிக்கொண்டது இரண்டே விஷயம். ஸ்டார்ட் செய்து சில வினாடிகளில் நிதானமாகக் கிளம்பிவிடுவேன், சூடாகும் வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதில்லை. அப்புறம், தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் ஆயில் முழுச் சூட்டுக்கே வராது, அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் வெளியேறாது. அதனால் வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுகிறேன்.

இப்போது 1,54,300. கிளட்ச் நான் வாங்கும்போது இருந்த அதேதான். பெடல் கொஞ்சம் மேலே வந்துதான் பிடிக்கிறது, ஆனால் மேட்டில் இன்னும் வழுக்கவில்லை. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கின் இடது ரப்பர் உறை (பூட்) ஓரத்தில் லேசான ஈரம் தெரிகிறது. துடைத்துவிட்டுத் தேதி எழுதியிருக்கிறேன், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.