டாஸ்மாக் காலி பாட்டில் திட்டம்: பத்து ரூபாய் கைக்குத் திரும்புமா?

டாஸ்மாக் கடையில் பாட்டில் விலைக்கு மேல் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனதால், 2022 மே மாதம் நீலகிரியில் ஆரம்பித்தார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. நல்ல யோசனைதான். சறுக்குவது கவுன்ட்டரில்.

எல்லாம் கடையில் பாட்டில் மேல் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது. குவாட்டரோ ஃபுல்லோ, வாங்கும்போதே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலுக்குப் பணம் கேட்க முடியாது. கூலிங் பீர் பாட்டிலில் கூடுதல் கவனம் வேண்டும். மேலே நீர் கோத்து, ஈரக் கையில் நாலு தடவை பிடித்தால் ஓரம் கிளம்பிவிடும். துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள், ஐஸ் பக்கெட்டில் போடாதீர்கள். வாய் உடைந்த பாட்டிலை எடுத்துப்போவது வீண். வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுவது வம்பில்லாதது. கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. திறந்த கையோடு போய்விடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் விற்கிற அவசரத்தில் காலி பாட்டிலை யார் எண்ணுவார்கள்? சேல்ஸ்மேனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஸ்டிக்கர் ஒட்டுவது, திரும்பி வருவதை எண்ணுவது, சாக்கில் கட்டி அடுக்குவது எல்லாம் அவர் தலையில். பல கடைகளில் சரக்குப் பெட்டிக்கே இடம் கிடையாது.

பெரிய குழப்பம் தொகையில். 'பாட்டிலுக்குப் பத்து ரூபாய்' என்று எம்.ஆர்.பி.க்கு மேல் பிடுங்குகிறார்கள் என்பது பல வருடப் புகார். காலி பாட்டிலுக்குத் திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டும் அதே பத்து ரூபாய்! எது திரும்பும், எது போனது என்று எப்படித் தெரியும்? பில் கேளுங்கள். எம்.ஆர்.பி.யோடு பத்து ரூபாய்க்கு மேல் கேட்டால் அது டெபாசிட் இல்லை.

பாரில் உட்கார்ந்து குடிப்பவர் கதை வேறு. தின்பண்டம் விற்பதோடு காலி பாட்டில் சேகரிப்பதும் சேர்த்துத்தான் பார் டெண்டரே விடுவார்கள். பாட்டிலை மேஜையில் விட்டு எழுந்தால் உங்கள் பத்து ரூபாயும் அதோடு போனது. எழும்போது கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் கடைக் கவுன்ட்டரில் நீட்டிவிடுங்கள்.