கருவண்டு குடையும் மலைவீடுகள்: மருந்தா, அடைப்பா, பொறியா, பெயின்ட்டா?

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளிலும், பழனிமலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழித் தோட்ட வீடுகளிலும் கூரை விளிம்புப் பலகையின் அடிப்பக்கத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் அளவில், டிரில் போட்டது போன்ற சுத்தமான வட்டத் துளை. அதன் கீழே சுவரில் மஞ்சள் கலந்த பழுப்புக் கறை. தரையில் சொரசொரப்பான மரத்தூள். மூன்றும் இருந்தால் அது கருவண்டுதான். வண்டு என்று சொல்கிறோமே தவிர, அது தேனீ இனம். தூள் மாவு போல நைசாக இருந்து, துளையும் குண்டூசித் தலை அளவே என்றால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. மண் பூச்சு ஏறியிருந்தால் கரையான். இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் கரையான் மருந்துதான் கைக்கு வரும். அதை மரத்தில் பூசிவிட்டு, ‘மருந்து கேட்கவில்லை’ என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

கருவண்டு மரத்தைத் தின்பதில்லை. குடைந்து தூளை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். பெண் வண்டு இரண்டு மூன்று செ.மீ. நேராக உள்ளே போகும். பிறகு சட்டென்று திரும்பி மரத்தின் ரேகையோடு சேர்ந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டும். அதில் மகரந்தமும் தேனும் பிசைந்த ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, பிறகு மரத்தூளைக் குழைத்து ஒரு தடுப்பு. அடுத்து இன்னோர் உருண்டை. இப்படி வரிசையாக அறைகள். அடுத்த தலைமுறை அதே வாசலில் புகுந்து சுரங்கத்தை நீட்டும், கிளை பிரிக்கும். ஆகவே ஒரு துளை முதல் ஆண்டில் பெரிய சேதமில்லை. பத்து ஆண்டு கவனிக்காமல் விட்டதுதான் கூரையைத் தாங்கும் கைமரத்தைப் பலவீனமாக்குகிறது. உள்ளே புழு இருப்பதை மரங்கொத்தி கண்டுகொண்டால் சேதம் பல மடங்கு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டைச் சுற்றி மூக்குக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்தாலோ நசுக்கினாலோ ஒழியக் கொட்டாது. பயத்தில் மருந்தடிக்க இறங்குவதற்கு முன் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மருந்து

உடனே பலன் தெரிவது இதில்தான். அதனாலேயே எல்லோரும் இதில் தொடங்கி இதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏரோசல் ஸ்ப்ரேயைத் துளை வாசலில் அடித்தால் வாசலில் இருக்கும் வண்டு விழும். திருப்பத்துக்கு அப்பால் இருக்கும் புழுக்களுக்கு மருந்து போய்ச் சேராது; நேரே உள்ள மரச்சுவரில் பட்டு ஊறிவிடும். தண்ணீரில் கலந்து அடிக்கும் மருந்துக்கும் இதே கதி.

பொடி மருந்து மேல். அது சுரங்கத்துக்குள் மிதந்து படியும், வண்டின் உடம்பு மயிரில் ஒட்டும், வெளியே வரும் இளம் வண்டும் அதன்மேல் நடந்துதான் வர வேண்டும். வீட்டுப் பூச்சிக்கென்று விற்கும் பொடி போதும். லேபிளில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். கேரம் போர்டுக்குத் தூவும் போரிக் பவுடரும் ஓரளவு கேட்கும், ஆனால் மெதுவாகத்தான். இருட்டிய பிறகு வண்டு கூட்டில் இருக்கும் நேரம் பார்த்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு, பொடி ஊதும் ரப்பர் பல்பின் முனையைத் துளையின் திருப்பம் வரை விட்டு இரண்டு மூன்று தடவை அழுத்தினால் போதும். முழுக்கை சட்டை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். அண்ணாந்து ஊதும்போது பொடி நம் முகத்தில்தான் கொட்டும்.

மலையில் பொடிக்கு ஓர் எதிரி உண்டு. மூடுபனி. ஈரம் ஏறினால் பொடி கட்டி தட்டி, ஊதினால் வராது. உள்ளே போனதும் பிசினாக ஒட்டிக்கிடக்கும். தொடர்ந்து இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு செய்யுங்கள். ஊதியதும் துளையை அடைத்துவிடக் கூடாது. ஒரு வாரமாவது திறந்திருக்கட்டும். வண்டு போய் வந்தால்தான் பொடி உள்ளே முழுக்கப் பரவும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுவது இன்னும் நடக்கிறது. காய்ந்த பழைய மரம், மேலே மின்வயர், கீழே அடுப்பு. தயவுசெய்து வேண்டாம். சைபர்மெத்ரின் வகை மருந்துகளைக் கூரை முழுக்கப் பீச்சுவதும் அப்படித்தான்: மழையில் வழிந்து ஓடைக்குப் போனால் மீனுக்கு அது கொடிய நஞ்சு, தோட்டத்துத் தேன்பெட்டிக்கும் கேடு.

மருந்து கூட்டை ஒழிக்கும். ஆனால் காலி வாசல் அப்படியே நிற்கிறதே! அடுத்த வண்டுக்குக் கட்டி முடித்த வீடு கிடைத்தது போலத்தான்.

அடைப்பு

பணம் குறைவு, பலன் நீளம். ஆனால் அவசரப்பட்டால் கெட்டுப்போவதும் இதுதான். உள்ளே உயிர் இருக்கும்போது அடைத்தால் வண்டு சும்மா இருக்காது. பக்கத்திலேயே புதுத் துளை போட்டு வெளியே வரும். ஒரு துளை இரண்டாகும்.

வெளிநாட்டு வீடியோக்களில் ‘இலையுதிர்காலம் வரை காத்திருந்து அடையுங்கள்’ என்பார்கள். அங்கே பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தலைமுறை, அதனால் அந்தக் கணக்கு சரி. நம் பக்கம் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை வரலாம். ஆகவே காலண்டரைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு துளையையும் பாருங்கள். மாலையில் துளை வாய் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை ஒட்டிவையுங்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகு கிழிந்திருந்தால் ஆள் இருக்கிறது. மூன்று நாள் கிழியாவிட்டால் வளையும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். நுனியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் மகரந்த உருண்டை, அதாவது புழு இருக்கிறது. அப்போது இரண்டு வழி: மேலே சொன்ன பொடி, அல்லது பொறுமை. முட்டை வண்டாக ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். குளிரில் இன்னும் கூடும்.

காலி என்று உறுதியானதும், துளையைப் பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, திருப்பம் வரை துருப்பிடிக்காத எஃகு வலையையோ அலுமினிய வலையையோ கசக்கித் திணியுங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வேண்டாம். நம் ஈரத்தில் துரு வழிந்து பலகையே கறையாகும். அதன்மேல் துளைக்கு இறுக்கமான உருளை ஆப்பு, மூன்று செ.மீ. நீளம், தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவிச் சுத்தியால் தட்டி இறக்க வேண்டும். வெளியே நீட்டுவதை அறுத்து, உப்புத்தாள் போட்டு, மரத்தோடு மட்டமாக்குங்கள். ஆப்பு கிடைக்காத இடத்தில் எம்-சீல் நல்ல மாற்று. குளிரில் இறுக நேரம் கூடுதலாகும், ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். வெறும் பட்டி வைத்து அடைப்பதை வண்டு சுரண்டி எடுத்துவிடும். சிமென்ட்டும் நிற்காது, மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும்போது சிமென்ட் கழன்று விழும்.

அடைப்பதற்கு முன் கைமரத்தைச் சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் ‘டொக்’கென்று கெட்டியாக வந்தால் சரி, பொள்ளலாகக் கேட்டு, ஓர் அடிக்குள் மூன்று நான்கு துளையும் இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டுப் பக்கவாட்டில் துணைக் கட்டை கொடுத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பொறி

நான்கு அங்குலச் சதுரக் கட்டை, ஆறு அங்குல உயரம். நான்கு பக்கமும் உள்நோக்கி மேலே ஏறும்படி 45 டிகிரி சாய்வில் துளை. அடியிலிருந்து நடுவில் ஓர் அங்குல அகலத்தில் நாலு அங்குல ஆழத் துளை. பக்கத் துளைகள் அதில் சேர வேண்டும். அடியில் ஒரு கண்ணாடி ஜாடியின் மூடியைத் துளையிட்டு ஸ்க்ரூ போட்டு, ஜாடியைத் திருகிவிடலாம். வண்டு உள்ளே போகிறது. திரும்பும்போது பக்கத் துளையில் இருட்டு, கீழே வெளிச்சம். வெளிச்சத்தை நோக்கி இறங்கி ஜாடியில் விழுகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்த பாட்டிலுக்கே கட்டுப்பாடு உண்டு. ஊறுகாய் ஜாடி இன்னும் தெளிவு, காற்றில் ஆடாது.

கெடுவது பெரும்பாலும் துளை அளவில். இணையத்தில் கிடைக்கும் அளவு அரை அங்குலம். அது அமெரிக்க வண்டுக்கு. நம் பெரிய கருவண்டு மூன்று செ.மீ. நீளத்துக்கு மேல் வளரும், அரை அங்குலத் துளையில் நுழையாமல் போகலாம். வீட்டில் ஏற்கெனவே உள்ள துளைக்குள் டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, பொருந்தும் பிட்டாலேயே பொறியைத் துளையுங்கள். சாய்வு இல்லாமல் மட்டமாகப் போட்டால் பக்கத்திலும் வெளிச்சம் தெரியும். வந்த வழியே வண்டு போய்விடும். புதுக்கட்டையைவிட வெயிலில் கிடந்து வெளுத்த கட்டையை வண்டு சீக்கிரம் நாடும்.

பொறி உள்ளே இருக்கும் புழுவைத் தொடாது. புதிதாக இடம் தேடும் வண்டை மட்டும் பிடிக்கும். பழைய துளைகள் திறந்திருக்கும் வரை பொறியை அது திரும்பியும் பார்க்காது. உயரத்தில், பெயின்ட் அடிக்க முடியாத பழைய கூரைக்கு இது துணை. தனியாக நம்பத்தக்க வழி என்று சொல்ல மாட்டோம்.

பெயின்ட்

எங்களைக் கேட்டால் பணத்தை இதில் போடுங்கள் என்போம். கருவண்டுக்கு வெறும் மரம் வேண்டும். அதிலும் சில்வர் ஓக், பைன், சைப்ரஸ் போன்ற இளகிய மரம் வெயிலில் வெளுத்து நின்றால் விருந்து. எனாமல் பெயின்ட் தடித்த தோலாக நிற்பதால் வண்டு பெரும்பாலும் வேறிடம் தேடிப் போகிறது. வார்னிஷும் மரத்தில் ஊறும் சாயமும் (வுட் ஸ்டெயின்) இந்த அளவு தடுப்பதில்லை. பழைய எஞ்சின் ஆயில் மரத்தில் ஊறிப்போகும், மண்ணையும் கெடுக்கும். போராக்ஸ் கரைசல் கரையானுக்கும் உளுவுக்கும் நல்லதுதான். ஆனால் மரத்தைத் தின்னாத வண்டுக்கு அதனால் என்ன? மழை படும் இடத்தில் அது கரைந்தும் போகும்.

மலையில் பெயின்ட் தோற்பதற்குக் காரணம் ஈரம். உதகையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி, ஜூனில் தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மிஞ்சுவது பிப்ரவரி, மார்ச். அதிலும் காலை பத்து மணிக்குப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, மூன்று மணிக்குள் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். சாம்பல் நிறமாக வெளுத்த மேல்தோலை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ஒரு கோட் மர ப்ரைமர், மேலே இரண்டு கோட் எனாமல். கோட்டுக்குக் கோட் 24 மணி நேரம் என்று டப்பாவில் இருந்தாலும் இங்கே இரண்டு நாள் விடுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தை மட்டும் அடித்துவிட்டுப் போகும் பெயின்டரிடம் கறாராக இருங்கள். வண்டு புகுவது பலகையின் அடி விளிம்பு, மழைத்தண்ணீர் ஓடும் தகரத்துக்குப் பின்பக்கம், கைமரத்தின் அறுத்த முனை ஆகிய இடங்களில்தான். அந்த முனைகளுக்கு மூன்றாவது கோட் கொடுங்கள்.

மறுபடி மறுபடி துளைக்கும் விளிம்புப் பலகை என்றால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு மடித்துப் போர்த்தலாம், சிமென்ட் போர்டாக மாற்றலாம். செலவு கூடுதல், ஆனால் தொல்லை அத்தோடு முடிந்தது. வைரம் பாய்ந்த தேக்கு தாங்கும். தேக்கென்று சொல்லி விற்கும் வெள்ளைப்பகுதி தாங்காது. பூண்டுச்சாறு, எலுமிச்சை எண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் வாசனை இருக்கும் வரைக்கும்தான். ஒரு மழைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாகவே வைக்கிறோம். பழனிமலைச் சரிவில் தாட்பூட் பழக் (பேஷன் ஃப்ரூட்) கொடி வைத்திருப்பவர்கள் கருவண்டை ஒழித்தால் காய்ப்பு விழும். அந்தப் பூ பெரியது. சிறு தேனீ தேனைக் குடித்துவிட்டு மகரந்தப் பையில் முதுகு படாமலே போய்விடும். கருவண்டின் முதுகுதான் சரியாக உரசும். மஞ்சள் ரகமோ தன் மகரந்தத்தில் காய்க்கவே காய்க்காது. வண்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு பூவையும் கையால் தொட வேண்டிவரும். தக்காளி, கத்தரிப் பூக்களையும் கருவண்டு அதிர்த்து மகரந்தம் உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அது வராது.

ஆகவே வீட்டுக் கூரையை அடைத்துப் பெயின்ட் அடியுங்கள். வேலிக் கம்பத்துத் துளையை விட்டுவிடுங்கள். கொடிப்பந்தல் ஓரமாக, வீட்டிலிருந்து தள்ளி, காய்ந்த மூங்கில் துண்டுகளை ஒரு பக்கம் கணு அடைத்தபடி ஒன்றரை அடி நீளத்தில் வெட்டுங்கள். உள்வட்டம் 12 முதல் 20 மி.மீ. வரை கலந்து இருக்கட்டும். பத்துப் பதினைந்தாகச் சேர்த்துக் கட்டி, வாய் காலை வெயிலைப் பார்க்கும்படி, சற்றே கீழ்ச்சாய்வாக, மேலே ஒரு தகரத் துண்டோடு இடுப்பு உயரத்தில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு காய்ந்த சில்வர் ஓக் கட்டையும் கிடக்கட்டும். மூங்கிலை நாடாத வண்டு அதில் குடையும். பூஞ்சணம் பிடித்த மூங்கிலை, உள்ளே வண்டு வெளியேறிவிட்டதா என்று அதே டிஷ்யூ பேப்பரால் பார்த்த பிறகு மாற்றுங்கள்.