பெரம்பூர் மாடியில் பன்னீர் திராட்சை: ஏழாவது வருடம்

2019 ஜனவரியில் நண்பன் தேனிப் பக்கம் கம்பத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தது பத்துக் குச்சி. கவாத்து பண்ணி, அதாவது கொப்புகளை வெட்டி, வரப்பில் தள்ளியவை. பென்சில் தடிமன், ஆளுக்கு நாலு கணு. ஏழு காய்ந்தது, மூன்று துளிர்த்தது, ஒன்று நிலைத்தது. அந்த ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டடி மண்ணில் வேர்விட்டு, குழாயைப் பிடித்து மேலேறி, இப்போது மாடியில் பத்துக்கு எட்டடிப் பந்தலை மூடி நிற்கிறது.

நட்ட காரணத்தை ஒளிப்பானேன், ஒயின்தான். எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி, வீட்டுக்காரர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் இருந்தவர், கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கியோடு சின்ன கிளாஸில் ஒயினும் தருவார். சொந்தத் திராட்சையில் அதைப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதல் இரண்டு வருடம் இலை, இலை, இலை. பந்தல் பச்சைப்பசேல் என்று இருந்தது, ஒரு பிஞ்சு இல்லை. நண்பனின் அப்பா போனிலேயே திட்டினார்: "வெட்டாம வச்சுக்கிட்டு காய் எங்கடாங்கிற?" குளிர் நாடுகளில் திராட்சை பனிக்காலத்தில் தானே இலை உதிர்த்துத் தூங்கும். சென்னையில் அதற்குத் தூக்கமே கிடையாது, நாம் கத்தரியால் வெட்டித்தான் புதுத் துளிரும் காயும் வரவைக்க வேண்டும். 2021 பொங்கலுக்கு முன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினேன். விரல் தடிமன் கொப்புகளில் நாலைந்து கணு விட்டு மேலே வெட்டு, ஒல்லியானவற்றை ஒன்றிரண்டு கணுவோடு நிறுத்து, மிச்ச இலையைக் கையால் உருவு. மறுநாள் பார்த்தால் வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் தண்ணீர் சொட்டுகிறது. கொடி செத்தது என்றே நினைத்தேன். பதிமூன்றாம் நாள் கணுக்கள் பஞ்சு மாதிரி வெடித்தன. இரண்டாவது இலை விரியும்போதே எதிரில் கடுகு கோத்த மாதிரிப் பூங்கொத்து. அந்த மே மாதம் ஏழு குலை.

அதன்பிறகு 2022-ல் நாலரை கிலோ, 2023-ல் ஆறு. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொடியைப் பந்தலோடு சேர்த்துப் பக்கத்து மாடியில் கொண்டுபோய்ப் போட்டது. 2024-ல் இரண்டே கிலோ. இந்த வருடம் எட்டு. கம்பத்தில் வருடத்துக்கு இரண்டு, மூன்று அறுவடை எடுக்கிறார்கள். நானும் பேராசையில் ஒருமுறை ஜூனில் வெட்டிப் பார்த்தேன். பழுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து எல்லாம் வெடித்து அழுகியது. ஒரு போகத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் தண்ணீரில். ஆர்ஓ மெஷினில் வீணாகப் போகிறதே என்று அந்தக் கழிவு நீரைத் தினமும் இரண்டு குடம் ஊற்றினேன். இலை ஓரம் சிகரெட் சுட்ட மாதிரி கருகியது. நோய் என்று நினைத்து மருந்தும் அடித்தேன். எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதை வடிகட்டி ஒதுக்கிய உப்பையெல்லாம் கொடிக்கு ஊட்டியிருக்கிறேன். மெட்ரோ வாட்டருக்கு மாறியதும் அடுத்த துளிரில் சரியாகிவிட்டது.

நிஜ நோய் அடிச்சாம்பல். இலைக்கு மேலே எண்ணெய்த் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சை. அதற்கு ஒரு சதவீத போர்டோ கலவை: லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பு, பிளாஸ்டிக் பக்கெட்டில் தனித்தனியாகக் கரைத்துச் சேர்ப்பது. இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். பிரான்சின் ஒயின் தோட்டக்காரர்கள் 1880-களில் பிடித்த வித்தை இது. ஒயின் உலகத்திலிருந்து எனக்கு ஒட்டியது இது ஒன்றுதான்.

ஏனென்றால் ஒயின் கதை முடிந்துவிட்டது. முதலில் சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவதும் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம்தான். எனக்கு இது கொடி காய்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது, பழமே. ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு சர்க்கரை அளக்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி ஒரு சொட்டுச் சாறு விட்டுப் பார்த்தேன்: 15 பிரிக்ஸ், அதாவது சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சர்க்கரை. ஒயினுக்கு 22, 24 வேண்டும். நிறமும் ஏறவில்லை, ஒரே குலையில் பாதி கறுப்பு, பாதி பச்சை. நிறம் ஏற ராத்திரி குளிர வேண்டும், மே மாத ராத்திரியிலும் இங்கே புழுக்கம் இறங்குவதில்லை. கம்பத்துக்கு மலைக்காற்று இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதும் அந்த மண்ணின் பன்னீர் திராட்சைதான், என் மாடியுடையது அல்ல.

ஆன்ட்டியிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "கிலோ பழத்துக்குக் கிலோ சுகர் போடுவேன் மேன், கூட ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. மார்க்கெட்ல எது சீப்போ அதான் கிரேப்ஸ்!" இத்தனை வருடம் நான் ரசித்துக் குடித்தது சர்க்கரையை.

ஆனால் சாப்பிட இந்தப் பழம் அருமை. தோல் தடி, கொட்டை உண்டு, கடித்ததும் அந்தப் பன்னீர் வாசம். எட்டு கிலோ போக அணிலுக்குப் போனது தனி. குலைக்குக் குலை பழைய கொசுவலையில் பை தைத்துக் கட்டிய பிறகுதான் மிஞ்சியது. பாதியைப் பிழிந்து கொதிக்கவைத்து பாட்டிலில் அடைத்தேன். வெயில் முடிவதற்குள் காலி.

ஆன்ட்டி ஆஸ்திரேலியாவுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது ஒயின் ஜாடியை என்னிடம் விட்டுப் போனார், அதில் நாரத்தங்காய் ஊறுகிறது. ஜனவரியில் வெட்டிய குச்சிகளில் ஐந்தைத் தயிர் டப்பாவில் வைத்தேன், இரண்டு துளிர்த்திருக்கின்றன. ஒன்று நண்பனின் அப்பாவுக்கு. கம்பத்துக்கே திராட்சை அனுப்புகிறாயா என்று வீட்டில் கேலி.