ஃபெல் ஓட்டத்தில் கட்டிவிடும் விரல் சிப்: பாதியில் விலகியபோது தெரிந்துகொண்டது

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் நீண்ட தூர ஃபெல் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபெல் என்றால் அந்தப் பக்கத்து வழக்கில் மலைதான். பெரும்பாலும் அம்புக்குறி இருக்காது, வரைபடமும் திசைகாட்டியும் வைத்து நாமே வழி பார்த்து, செக்பாயின்ட் செக்பாயின்ட்டாகத் தொட்டுவிட்டு வர வேண்டும். அங்கே பல ஓட்டங்களில் கையில் கட்டிவிடுகிற ஸ்போர்ட்ஐடென்ட் சிப் பற்றியும், அதைச் சுற்றி நடக்கிற பாதுகாப்புச் சோதனை பற்றியும்தான் இந்த ரிவ்யூ.

பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மன் தயாரிப்பு, ஓரியன்டீரிங் (வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து ஓடும் விளையாட்டு) ஆட்களிடமிருந்து மலைக்கு வந்தது. விரலில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி. செக்பாயின்ட் பெட்டியின் ஓட்டைக்குள் நுனியை விட்டால் ஒரு பீப், ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், நேரம் பதிந்துவிடும். மழையிலும் சேற்றிலும் ஒரு தடவைகூட என்னை ஏமாற்றியதில்லை.

ஆனால் இது ஜிபிஎஸ் மாதிரி நம் பின்னாலேயே வருகிறது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி இல்லை. சிப் நேரத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும், கடைசியில் கணினியில் இறக்கும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும். பெட்டியோடு ரேடியோ இணைப்பு இல்லையென்றால் நீங்கள் எந்த மலையில் இருக்கிறீர்கள் என்று கீழே ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், அந்தக் கணினிக்கு நீங்கள் இன்னும் மலையில்தான் இருக்கிறீர்கள். சம்பளமே வாங்காத மலை மீட்புக் குழு ராத்திரி முழுக்கத் தேடும்.

நான் விலகியது கர்க் ஃபெல் இறங்கி பிளாக் செயில் கணவாய்க்கு வந்தபோது. காற்றும் மூடுபனியும், முழங்கால் போய்விட்டது, குளிரில் பையின் ஜிப்பை விரலால் இழுக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தேன். கணவாயில் இரண்டு மார்ஷல்கள், அதாவது ஓட்டத்தைக் கண்காணிப்பவர்கள், ஒரு சின்னக் கூடாரத்தோடு நின்றிருந்தார்கள். "விலகுகிறேன்" என்றேன். என் எண்ணை இரண்டு முறை சொல்லச் சொல்லி, மழை தாங்கும் நோட்டில் பென்சிலால் எழுதி, நேரம் போட்டு, ரேடியோவில் கீழே சொல்லி, அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் என்னை விட்டார்கள். அப்புறம் ஒரு கேள்வி: "எந்தப் பக்கம் இறங்கப் போறீங்க?" அது எவ்வளவு முக்கியம் என்று அப்போது உறைக்கவில்லை. அந்தக் கணவாயில் தெற்கே இறங்கினால் வாஸ்டேல் ஹெட், வடக்கே இறங்கினால் என்னர்டேல். பள்ளத்தாக்கு மாறிப்போனால் சாலை வழியாகச் சுற்றி வர வெகுதூரம், போனில் சிக்னலும் இருக்காது. நான் வடக்கே இறங்கி லைசா ஆற்றோரமாகவே நடந்து முடிவிடத்துக்கு வந்தேன். சிப்பை இறக்கியதும் ரசீது மாதிரி ஒரு சீட்டு வந்தது. மடிக்கணினி முன்னால் இருந்த பெண் அதோடு விடாமல், கையால் எழுதிய பட்டியலிலும் என் எண்ணைக் கோடு போட்டு அடித்தார்.

எல்லா இடமும் இப்படி இல்லை. வேறொரு ஓட்டத்தில் (பெயர் வேண்டாம்) கட்டாயம் கொண்டுபோக வேண்டிய பொருள்களைச் சோதிக்கும்போது பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, "எல்லாம் இருக்கா?" என்று கேட்டதோடு சரி. தையல் வழியே தண்ணீர் புகாதபடி நாடா ஒட்டிய, தொப்பி வைத்த மழை ஜாக்கெட், மழைப் பேன்ட், குல்லா, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசர உணவு, இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். 2012இல் பட்டர்மியர் பக்கம் நடந்த ஓட்டத்தில் ஒருவர் குளிரில் இறந்தார். அதற்குப் பிறகும் சோதனையை இப்படி ஒப்புக்குச் செய்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சிப்புக்கு 5க்கு 4. அந்தக் கணவாயில் நின்ற இருவருக்கு 5க்கு 5. அடுத்த ஓட்டத்துக்குப் பணம் கட்டும் முன், விலகினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.