காய்ச்சுவதா, அழுத்துவதா: மின்நிலையத்தோடு கட்டும் குடிநீர் ஆலை

வளைகுடாக் கடற்கரையில் மின்நிலையத்தையும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையையும் சேர்த்துக் கட்டுபவர்களுக்கு இரண்டு வழிகள். டர்பைனிலிருந்து நீராவியை எடுத்துக் கடல்நீரைக் காய்ச்சி வடிப்பது எம்.எஸ்.எஃப். அங்கே கிடைக்கும் மின்சாரத்தில் பம்பை ஓட்டி, உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேன் வழியாகக் கடல்நீரைத் தள்ளுவது ஆர்.ஓ. நான் எம்.எஸ்.எஃப். ஆலையில் வேலை பழகியவன். ஆனாலும் புதிய ஆலைக்கு எங்கள் குழு ஆர்.ஓ.வைத் தேர்ந்தெடுத்தபோது என் வாக்கும் அதற்குத்தான்.

எம்.எஸ்.எஃப்.பின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. கடல் கலங்கினாலும் அசராது, வடித்துக் கிடைக்கும் நீரில் உப்பு மிகச் சொற்பம். சின்ன ஸ்பாஞ்ச் பந்துகளைக் குழாய்களுக்குள் ஓடவிட்டால், ஆலையை நிறுத்தாமலே படிவைத் துடைத்துவிடும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது குளிர்காலம். ஆகஸ்டில் ஏசிகளுக்காக டர்பைன்கள் முழு மூச்சில் ஓடும், நீராவிக்குப் பஞ்சமில்லை. ஜனவரியில் மின்தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தண்ணீர்த் தேவையோ அப்படிக் குறையாது. அப்போது தண்ணீருக்காகவே டர்பைனை ஓட்ட வேண்டும், அல்லது துணை பாய்லரில் எரிவாயுவை எரித்து நேராக நீராவி எடுக்க வேண்டும். இரண்டும் எரிபொருள் நட்டம்தான். மின்சாரத்துக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்ற விகிதம் கட்டும்போதே நிலைத்துவிடுகிறது. ஆலையின் ஆயுள் முழுக்க அதை மாற்றுவது கடினம். இப்போது பகலில் சூரிய மின்சாரமும் வந்து குவிவதால் டர்பைன்களுக்கு வேலை குறைந்து சிக்கல் இன்னும் கூடுகிறது.

ஆர்.ஓ.வுக்கு இந்தக் கட்டு இல்லை. ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும், அது எங்கிருந்து வந்தாலும் சரி. எம்.எஸ்.எஃப்.பில் பம்புகளுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும், நீராவி தனிக்கணக்கு. மின்நிலையத்தின் பக்கத்திலேயே வைத்தால் கடல்நீர் எடுக்கும் வழி பொது. கழிவு உப்புநீரையும் குளிர்விப்பு நீரில் கலந்து நீர்க்கச் செய்து கடலுக்கு விடலாம். அபுதாபி தவீலாவில் நாளுக்கு 9 லட்சம் கன மீட்டர் ஆர்.ஓ. ஆலை எழுந்தது சும்மா இல்லை.

பலவீனமும் உண்டு. 2008-09இல் கடலில் செம்பாசி பெருகி வடிகட்டிகளை அடைத்தபோது இப்பகுதி ஆர்.ஓ. ஆலைகள் சில மூடவேண்டி வந்தது. மெம்பிரேனை அடைக்கும் அழுக்கு எவ்வளவு என்று அறிய எங்கள் ஆய்வகத்தில் 0.45 மைக்ரான் வடிதாளில் பதினைந்து நிமிடம் கடல்நீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். தாள் பழுப்பேறினால் அன்று எல்லோர் முகமும் மாறும். மெம்பிரேன் எவ்வளவு காலம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 5 முதல் 7 ஆண்டு என்று கணக்குப் போட்டோம், எங்களுடையது இன்னும் அந்த வயதை எட்டவில்லை.

இரண்டையும் சேர்த்து வைப்பதும் நல்ல ஏற்பாடுதான். சவூதியின் ராஸ் அல் கைர் அப்படித்தான். நம் கல்பாக்கத்திலும் அணுமின் நிலைய நீராவியில் நாளுக்கு 45 லட்சம் லிட்டர் எம்.எஸ்.எஃப்., கூடவே 18 லட்சம் லிட்டர் ஆர்.ஓ. என்று அமைத்தார்கள். மிகத் தூய நீர் ஆலைக்கே நிறைய வேண்டுமென்றால் இந்தக் கலப்பை யோசியுங்கள். ஊர்க் குடிநீருக்கு மட்டும் என்றால் ஆர்.ஓ. போடுங்கள், எம்.எஸ்.எஃப்.பைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, மெம்பிரேனுக்குப் போகும் முன் கடல்நீரைச் சுத்தம் செய்யும் முன்வடிகட்டலுக்கு ஒதுக்குங்கள்.