பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு வாந்தி ஊசி: போடவிடும் முன் மருந்தின் பெயரைக் கேளுங்கள்

அப்பாவுக்கு 73 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம். லெவோடோபா-கார்பிடோபா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுவிட்டால் தானே வேட்டி கட்டிக்கொள்வார், தெருமுனை வரை போய்ப் பேப்பர் வாங்கி வருவார். போன மாதம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அவரால் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

சேர்க்கும்போதே பார்க்கின்சன் என்று சொன்னேன், கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்கள். "ஏதாவது அலர்ஜி உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் தவறு அங்கே தொடங்கியது. இது அலர்ஜி இல்லை. ஆனாலும் ஆகாத மருந்துகள் உண்டு. அதைக் கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை.

வாந்தி நிற்க மெட்டோகுளோபிரமைடு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, டிரிப்ஸ் வழியாக. மாத்திரையை அப்பா 6, 10, 2, 6 மணிக்குப் போடுவார். வார்டில் 9, 2, 9. நான் கொண்டுபோன மாத்திரை அட்டையையும் நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் நாளே வாயோரம் எச்சில் வழிய ஆரம்பித்தது. அம்மா துண்டை மடித்து மடித்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி கூரையில் எறும்பு ஊருகிறது என்று அப்பா கத்தியதும் அவரை அடக்க ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். காலையில் கட்டை மாதிரி கிடந்தார். டியூட்டி டாக்டர், "நோய் முத்திடுச்சு சார், வயசாகுதுல்ல" என்றார். தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். எடுத்தோம், பணமும் கட்டினோம்.

அப்புறம்தான் கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து, அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் டாக்டருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "முதல்ல அந்த ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க."

அவர் விளக்கியது இது. பார்க்கின்சனில், உடம்பை அசைக்க மூளைக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருள் போதவில்லை. மாத்திரை அதை ஈடுகட்டுகிறது. இந்த இரண்டு மருந்தும் அந்த டோபமினை வேலை செய்யவிடாமல் தடுப்பவை. வாந்திக்கு டோம்பெரிடோன் கொடுக்கலாம், அது மூளைக்குள் அதிகம் போகாது. ஆனால் இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால் அதற்குக் குறைந்த அளவில் குவெட்டியாபின் போன்றவை உண்டு. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நேரம் தள்ளிப்போனாலே உடம்பு இறுகிவிடும்.

இன்னும் சில பெயர்களையும் சொன்னார்: வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் தரும் புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் புளுனரிசின். தலை சுற்றுகிறது என்று மெடிக்கலில் போய்ச் சொன்னால் சீட்டு இல்லாமலே இவற்றில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இனி எங்கே சேர்த்தாலும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அதை ஒட்டிய பிறகுதான் ஊசி.

மருத்துவமனையில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் போடுற ஊசிதான்" என்றார்கள். எல்லாருக்கும் போடலாம், என் அப்பாவுக்குப் போடக் கூடாது. நோயின் பெயரை எழுதிக்கொண்டவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த இரண்டு மருந்தையும் நிறுத்தி எட்டு நாள் கழித்து டம்ளரைப் பிடித்தார். வேட்டியை இன்னும் நான்தான் கட்டிவிடுகிறேன். எம்ஆர்ஐ பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்து இருபது நாள் ஆகிறது. நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள், பதில் இன்னும் வரவில்லை.