விண்வெளிக்கு எந்தக் கடிகாரம்: குளிர்ந்த சீசியமா, பாதரச அயனியா?

முதலில் ஃபராவோ என்ற சீசியம் அணுக்கடிகாரம். பிரான்ஸ் விண்வெளி நிறுவனம் உருவாக்கியது. ஐரோப்பாவின் ஏசஸ் திட்டத்தில் 2025 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. சீசியம் அணுக்களை லேசரால் தடுத்துத் தடுத்து, தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாது) மிக அருகே குளிர்விக்கிறது. தரையில் இதே வேலையைச் செய்யும் ‘நீரூற்று’ கடிகாரத்தில், மேலே வீசிய அணுக்கள் ஒரு விநாடிக்குள் கீழே விழுந்துவிடும். சுற்றுப்பாதையில் அந்தத் தொல்லை இல்லை. அணுக்கள் ஆற அமர மிதந்து செல்லும். கவனிக்கும் நேரம் கூடக்கூட, நேரத்தைக் கணக்கிட உதவும் அவற்றின் அதிர்வெண்ணை இன்னும் கூர்மையாக அளக்கலாம். இலக்கு 30 கோடி ஆண்டுகளுக்கு ஒரு விநாடிப் பிழை. ஐன்ஸ்டைன் சொன்னபடி உயரத்தில் நேரம் வேகமாக ஓடுகிறதா என்று சோதிக்க இந்தத் துல்லியம் வேண்டும்.

நாசா 2019 ஜூனில் அனுப்பிய ஆழ்விண்வெளி அணுக்கடிகாரம் வேறு ரகம். பாதரச அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை, மின்புலத்தில் பிடித்து வைக்கும். லேசர் கிடையாது, ஒரு பாதரச விளக்கு போதும். ரொட்டி வாட்டும் டோஸ்டர் அளவுதான். 2021 வரை ஓடியது.

துல்லியம் மட்டும் என்றால் என் ஓட்டு ஃபராவோவுக்கு. ஆனால் லேசர்கள், கண்ணாடி இழைகள், வெற்றிடக் குழாய் என்று அதற்குச் சீர்வரிசை அதிகம். செவ்வாய்க்குப் போகும் கலம், பூமியைக் கேட்காமல் தானே வழி கண்டுபிடிக்க வேண்டுமா? அப்போது பாதரசம்தான் சரி.